கொதிக்க வைத்துப் பார்த்தீர்களா?

வெல்லம் வாங்கத்தான் மாமாவோடு செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். தின்கிற வெல்லம் இல்லை, தோட்டத்து டிரம்முக்கு. மாமாவுக்கு ஓமலூர் பக்கம் மூணரை ஏக்கர். பாதி குச்சிக்கிழங்கு, மிச்சம் மஞ்சளும் சோளமும். நாலு வருஷமாக ஜீவாமிர்தம் ஊற்றுகிறார். மண்டியில் அவர் தேடுவது நிறம் செத்த, கறுத்த வெல்லம். பளபளவென்று மஞ்சளாக இருப்பதைத் தொடவே மாட்டார். "அது ஹைட்ராஸ் போட்டு வெளுத்தது மாப்ள. அதைக் கொண்டுபோய்க் கலக்கினா டிரம்முல இருக்கறதெல்லாம் செத்துப்போயிரும்" என்றார். மனுஷன் பொங்கலுக்கு வெளுத்த வெல்லம், பாக்டீரியாவுக்கு நல்ல வெல்லம். நாட்டு நடப்பு அப்படி.

வெல்லத்தை வண்டியில் ஏற்றிவிட்டு லீ பஜார் பக்கம் ஒரு உரக்கடையில் நின்றோம். கடைக்காரர் ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். பன்னிரண்டு வகை நுண்ணுயிர்கள், ஒன்றுக்கொன்று ஒத்துழைக்கும்படி ஆய்வகத்தில் 'வடிவமைக்கப்பட்ட' கூட்டமைப்பு, ஏக்கருக்கு ஒரு லிட்டர் போதும் என்று லேபிள் சொன்னது. "இனிமே சாணியெல்லாம் எதுக்குங்க? இது சயின்ஸ்" என்றார். மாமா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னிடம் கேட்டார்: "எது நல்லது? இதா, டிரம்மா?"

பதில் சொல்லத் தெரியாமல் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் படித்ததன் விளைவு இந்தக் குறிப்பு. இது அந்த பாட்டில் மீதான விமர்சனம். டிரம் மீதான விமர்சனமும்தான். இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவரையொருவர் மூடநம்பிக்கை, கார்ப்பரேட் சதி என்று திட்டிக்கொள்கிறார்கள். உட்கார்ந்து பார்த்தால் இரண்டு பேரும் சொல்வது ஒரே கதை: வெளியிலிருந்து நல்ல கிருமிகளைக் கொண்டுபோய் ஊற்று, உள்ளே இருக்கும் கூட்டம் மாறிவிடும். மண்ணுக்கும் அதே கதை, வயிற்றுக்கும் அதே கதை. மைக்ரோபயோம் இன்ஜினியரிங் என்று பேர் வைத்தால் கொஞ்சம் விலை கூடும், அவ்வளவே.

முதலில் கணக்கு. ஜீவாமிர்தத்துக்கு சுபாஷ் பாலேக்கர் சொல்லும் அளவு பலருக்கும் மனப்பாடம்: 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, வரப்பு மண் ஒரு கைப்பிடி. இரண்டு நாள் நிழலில் வைத்து, அவ்வப்போது கலக்கிவிட்டு, ஒரு ஏக்கருக்கு ஊற்ற வேண்டும். இதில் எவ்வளவு தழைச்சத்து இருக்கும்? பச்சைச் சாணத்தில் ஒரு 40 கிராம், கோமியத்தில் அதிகபட்சம் 100 கிராம், பயறு மாவில் 70 கிராம். எல்லாம் கூட்டினாலும் கால் கிலோ தேறாது. நெல்லுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது ஏக்கருக்கு 60 கிலோ. ஆக இதை உரம் என்று சொல்ல முடியாது. பாலேக்கரும் அப்படிச் சொல்வதில்லை. இது உறைமோர் மாதிரி, மண்ணில் ஏற்கெனவே இருக்கும் சத்தை எடுத்துக் கொடுக்கும் உயிர்களைப் பெருக்கும் என்பதுதான் அவர் வாதம்.

சரி, உறைமோர் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் நிலத்தின் மேல்மண், அரை அடி ஆழம் மட்டும், கிட்டத்தட்ட எட்டரை லட்சம் கிலோ. நல்ல மண்ணில் ஒரு கிராமுக்கு 100 கோடி பாக்டீரியா என்பது பாடப்புத்தகக் கணக்கு. டிரம்மில் இருப்பதையும் தாராளமாகவே வைப்போம், ஒரு மில்லிக்கு 100 கோடி. 200 லிட்டர் என்றால் 2 லட்சம் மில்லி. மண்ணோ 85 கோடி கிராம். வகுத்துப் பாருங்கள். ஊற்றுகிற ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் எதிரே நாலாயிரத்துச் சொச்சம் பாக்டீரியா ஏற்கெனவே அங்கே குடியிருக்கின்றன. அவை அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவை. வந்திருப்பதோ மாட்டு வயிற்றுக்குள், காற்றில்லாத இடத்தில், 38 டிகிரி வெதுவெதுப்பில் வாழ்ந்து பழகியவை. சித்திரை மாத ஓமலூர் வெயிலில், காய்ந்த செம்மண்ணில் கொண்டுபோய் இறக்கிவிட்டு 'போய்ப் பிழைச்சுக்கோ' என்கிறோம்.

பாலேக்கரைப் பிடிக்காதவர்கள் இங்கே சிரிக்க வேண்டாம். அரசே விற்கும் உயிர் உரப் பாக்கெட்டின் கணக்கு இதைவிட மோசம். உரக் கட்டுப்பாட்டு ஆணையில் உயிர் உரங்கள் சேர்ந்தது 2006-இல். தூள் வடிவ பாக்கெட்டில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஏக்கருக்கு 200 கிராம் பாக்கெட் நாலு என்று மண்ணில் தூவினால், ஊற்றிய ஒன்றுக்கு எதிரே இரண்டு கோடி. விதை நேர்த்தி செய்தால் நிலைமை வேறு, ஏனென்றால் அப்போது பாக்டீரியா நேராக முளைவேர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. தூவுவதும் விதையில் பூசுவதும் ஒன்றல்ல. இதை விவசாயிக்குச் சொல்கிறவர்கள் குறைவு. அதோடு, வெயிலில் வைத்த பாக்கெட்டில் அந்த 5 கோடி இருக்குமா என்பதும் கேள்வி. கடையில் அவை எங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே.

எண்ணிக்கை மட்டும் பேசினால் நியாயம் ஆகாது. உறைமோரும் பாலைவிடக் கம்மிதானே? ஒரு ஸ்பூன் விட்டால் ஒரு சட்டி தயிர் ஆகிறதே? ஆகிறது. பாலைக் காய்ச்சிய பிறகுதான் உறை ஊற்றுகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. காய்ச்சும்போது ஏற்கெனவே குடியிருந்தவர்களைக் காலி செய்துவிடுகிறோம். காலி வீட்டில் யார் முதலில் நுழைகிறாரோ அவர் ராஜ்ஜியம். மண்ணை யாரும் காய்ச்சுவதில்லை. உறைமோர் உவமை டிரம் கட்சிக்குச் சாதகமானது என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். அது அவர்களுக்கே எதிரான சாட்சி.

இனி சோதனை. ஜப்பானின் ஒகினாவாவில், ரியூக்யூ பல்கலைக்கழகத்தில் இருந்த தெருவோ ஹிகா 1980களில் 'எஃபெக்டிவ் மைக்ரோ ஆர்கனிசம்ஸ்' என்ற கலவையைக் கொண்டுவந்தார். இங்கே இ.எம். கரைசல் என்று எல்லா ஊரிலும் புழங்குவது அதுதான். லாக்டிக் பாக்டீரியா, ஈஸ்ட், ஒளிச்சேர்க்கை பாக்டீரியா எல்லாம் சேர்ந்த கூட்டம். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான விவசாயிகள் பலன் தெரிகிறது என்றார்கள். சுவிட்சர்லாந்தில் மாயர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் இதை நாலு வருஷம் வயலில் வைத்துச் சோதித்து 2010-இல் வெளியிட்டார்கள். அவர்கள் செய்த ஒரு காரியத்துக்காகவே அந்தக் கட்டுரையைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஒரு பாத்திக்கு இ.எம். கரைசல், இன்னொரு பாத்திக்கு அதே கரைசலைக் கொதிக்க வைத்துக் கிருமிகளைக் கொன்றது. சத்து அதே, சர்க்கரை அதே, உயிர் மட்டும் இல்லை.

இரண்டுக்கும் வித்தியாசம் வரவில்லை. தெரிந்த கொஞ்ச நஞ்சப் பலனும் கூடவே போட்ட தவிட்டு உரத்திலிருந்து வந்தது, உயிரிலிருந்து அல்ல.

பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், அமிர்தக் கரைசல், காசியாபாத்தில் இருபது ரூபாய்க்குக் கொடுத்த வேஸ்ட் டிகம்போசர், 2020-இல் டெல்லியில் வைக்கோலை மட்க வைக்கக் கொண்டுவந்த பூசா மாத்திரை என்று எதை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது இந்தக் கொதிக்க வைத்த பாத்தியைத்தான். நான் புரட்டிய கட்டுரைகளில் பெரும்பாலும் அது இல்லை. 'ஊற்றியது, ஊற்றாதது' என்று இரண்டே பாத்தி. ஊற்றிய பாத்தியில் விளைச்சல் 15 சதவீதம் கூடியது என்று முடித்துவிடுகிறார்கள். எது கூட்டியது? கோமியத்து யூரியாவா, பயறு மாவா, கூடவே போன ஈரமா, சாணத்தில் இருக்கும் வளர்ச்சி ஊக்கியா, உயிரா? ஊற்றியது ஊற்றாதது என்ற சோதனைக்கு இந்தக் கேள்வியே புரியாது. 2019 பட்ஜெட் உரையில் ஜீரோ பட்ஜெட் விவசாயம் வந்த பிறகு, தேசிய வேளாண் அறிவியல் கழகம் இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று சொன்னது. சரியான பேச்சு. ஆனால் அதே அளவுகோலை அவர்கள் பக்கத்து பாக்கெட்டுகளுக்கும் வைத்திருந்தால் நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் நம்பிக்கை வந்திருக்கும்.

ஆய்வக பாட்டிலாவது தேறுமா? அமெரிக்காவில் மக்காச்சோளம் போன்ற பயிர்களுக்கென்று காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்கும் பாக்டீரியா பாட்டில்கள் பெரிய வியாபாரம். சிலவற்றில் ஜீன் வரை கை வைத்திருக்கிறார்கள். அங்கே பத்து மாநிலங்களின் பல்கலைக்கழக ஆட்கள் சேர்ந்து, இந்த மாதிரிப் பொருட்களை 61 இடத்தில் போட்டுப் பார்த்து 2023-இல் அறிக்கை கொடுத்தார்கள். விளைச்சல் கூடியது இரண்டு இடத்தில். மீதி 59-இல் ஒன்றும் இல்லை. அங்கே பணம் இருக்கிறது, ஜீன் தெரியும், குளிர்சாதனக் கிட்டங்கி இருக்கிறது. அங்கேயே இந்தக் கதி என்றால் லீ பஜார் அலமாரியில் என்ன எதிர்பார்ப்பது?

இந்த இடத்தில் கட்டுரையை முடித்து, 'எல்லாம் ஏமாற்று' என்று எழுதிவிட்டால் நிறைய பகிர்வார்கள். ஆனால் அது உண்மை இல்லை. கிருமிகளைக் கொண்டுபோய் விட்டு உயிர் காப்பாற்றிய கதைகள் இருக்கின்றன, நன்றாகச் சோதித்தவை.

நாமக்கல்லில் ஆரம்பிக்கலாம். அங்கே முட்டைக் கோழிகள் கோடிக்கணக்கில். குஞ்சு எங்கே பிறக்கிறது? தாய்க்கோழி அடை காத்து அல்ல, இயந்திரத்தில். முட்டை கழுவப்பட்டு, அறை சுத்தம் செய்யப்பட்டு. குப்பை கிளறும் தாயின் பின்னால் நடந்து அதன் எச்சத்தைக் கொத்தித் தனக்கான குடல் கிருமிகளைச் சேர்க்கும் வாய்ப்பு அந்தக் குஞ்சுக்கு இல்லை. அதன் குடல் காலி வீடு. முதலில் சால்மோனெல்லா நுழைந்தால் அதன் ராஜ்ஜியம்தான். பின்லாந்தில் 1970களின் தொடக்கத்தில் கறிக்கோழிகளில் சால்மோனெல்லா பரவியபோது, நூர்மி, ரன்டாலா என்ற இருவர், நோயில்லாத பெரிய கோழியின் குடலில் இருப்பதை எடுத்துப் புதுக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் சால்மோனெல்லாவைத் தாங்கின. 1973-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. பாட்டிலில் பன்னிரண்டு பெயர் எழுதவில்லை. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்றே அவர்களுக்கு முழுசாகத் தெரியாது. நேரம் மட்டும் சரியாகத் தெரியும்: பொரிந்த முதல் நாள். ஒரு மாதக் கோழிக்குக் கொடுத்தால் அதே மருந்து வெறும் தண்ணீர்.

2019-இல் கோலிஸ்டினைக் கோழித் தீவனத்தில் தடை செய்தார்கள். அதற்குப் பிறகு ப்ரோபயாடிக் விற்பனையாளர்கள் பண்ணை பண்ணையாக ஏறி இறங்குகிறார்கள். எந்த வயதுக் கோழிக்கு என்று கேட்டால் எல்லாக் கோழிக்கும் என்பார்கள். அந்த ஒரு பதிலிலேயே விஷயம் தெரிந்துவிடுகிறது.

இதே காலி வீடு மனிதரிலும். ஒடிசா கிராமங்களில் பிறந்த 4,556 குழந்தைகளை வைத்து, பினாகி பாணிக்ரஹி தலைமையில் நடந்த சோதனை 2017-இல் வெளியானது. பிறந்த சில நாளிலிருந்து ஒரு வாரம், ஒரே ஒரு லாக்டோபேசில்லஸ் ரகமும் அது தின்பதற்கு ஒரு சர்க்கரையும். பாதிக் குழந்தைகளுக்கு வெறும் மாவு. ரத்தத்தில் கிருமித் தொற்று அல்லது மரணம் வெறும் மாவு கொடுத்தவர்களில் 9 சதவீதம், மற்றவர்களில் 5.4. செலவு சொற்பம். இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பவை உயிர்கள். இங்கேயும் பார்த்தால், பிறந்த குழந்தை, கிட்டத்தட்ட காலியான குடல், ஒரே ரகம், அதற்கான சாப்பாடு கூடவே, எதிரே போலி மருந்து கொடுத்த ஒரு கூட்டம்.

வளர்ந்தவர்களுக்கு? வீட்டுக்கு வீடு ஆன்டிபயாடிக் முடிந்ததும் ப்ரோபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் 2018-இல் இதைச் சோதித்தார்கள். ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களில் ஒரு பிரிவுக்கு 11 ரகம் அடங்கிய மாத்திரை, ஒரு பிரிவை அப்படியே விட்டார்கள், இன்னொரு பிரிவுக்கு அவரவர் சொந்த மலத்தையே, முன்கூட்டி எடுத்து வைத்ததை, திருப்பிக் கொடுத்தார்கள். கடைசிப் பிரிவு சில நாளில் பழைய நிலைக்கு வந்தது. மாத்திரைப் பிரிவுதான் எல்லோரையும்விடத் தாமதம், மாதக்கணக்கில். வாடகைக்கு வந்தவர்கள் வீட்டைப் பிடித்துக்கொண்டு சொந்தக்காரர்களை உள்ளே விடவில்லை. ஆட்கள் குறைவு, சின்ன ஆய்வு, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் மெடிக்கல் ஷாப்பில் அடுத்த முறை இதை யோசியுங்கள். ஆன்டிபயாடிக்கால் குடல் அடியோடு நாசமாகிக் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமி மறுபடி மறுபடி வருகிறவர்களுக்கு வேறு கதை. அவர்களுக்கு நல்ல ஆளின் மலக் கரைசல் கொடுத்து 2013-இல் ஹாலந்தில் செய்த சோதனையில், 16 பேரில் 13 பேருக்கு ஒரே தடவையில் சரியானது. வழக்கமான மருந்தில் 13-க்கு 4.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை சவுண்டல் மரத்துடையது. நம் ஊர் ஆடுகளுக்கு சவுண்டல் தழை போடுவோம், ஒன்றும் ஆகாது. ஆஸ்திரேலியாவில் அதே தழையை மாடுகள் தின்றால் முடி கொட்டும், கழுத்துச் சுரப்பி வீங்கும். தழையில் மைமோசின் என்ற நச்சு. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி, ஹவாய் ஆடுகளுக்கு இது ஒன்றும் செய்யவில்லை என்பதைக் கவனித்தார். 1980களின் தொடக்கத்தில் அந்த ஆடுகளின் இரைப்பைத் திரவத்தைக் கொண்டுபோய் ஆஸ்திரேலிய மாடுகளுக்குக் கொடுத்தார். நச்சைத் தின்னும் பாக்டீரியா அங்கே பிடித்துக்கொண்டது, மாட்டுக்கு மாடு பரவியது. பிற்பாடு அதற்கு அவர் பேரையே வைத்தார்கள், சினர்ஜிஸ்டஸ் ஜோன்சியை. அந்த மாட்டு வயிறு காலி வீடு இல்லை, கூட்டம் நெரியும் இடம். ஆனாலும் மைமோசினின் அந்த மிச்சத்தைத் தின்ன அங்கே ஆள் இல்லை. ஒரே ஒரு நாற்காலி காலி. அதற்குச் சரியான ஆள். சோயா மொச்சைக்கு ரைசோபியம் போட்டால் பலன் தெரிவதும் இப்படித்தான். சோயா நம் மண்ணுக்குப் புதுசு, அதன் வேருக்கான பாக்டீரியா இங்கே இல்லை. தட்டைப்பயறுக்குப் போட்டால் அவ்வளவு தெரியாது, அதற்கான ஆட்கள் மண்ணில் ஏற்கெனவே ஏராளம்.

ஆகவே பாட்டிலோ டிரம்மோ, அதை நீட்டுகிறவரிடம் கேட்க வேண்டியது, 'உள்ளே என்ன இருக்கு?' என்பதல்ல. 'என் மண்ணுல எந்த நாற்காலி காலியா இருக்கு?' கடைக்காரரிடம் நான் இதைக் கேட்டிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

சரி, காலி நாற்காலி இல்லாத இடத்தில் கூட்டத்தை மாற்றவே முடியாதா? முடியும். சேலத்துக்காரர்கள் கண் முன்னாலேயே அது நடக்கிறது. நாற்றம் பிடித்த இடத்தில் என்பதால் யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. சேகோ பேக்டரிக் கழிவுநீரைச் சொல்கிறேன்.

இங்கே ஜவ்வரிசித் தொழில் 1940களில் தொடங்கியது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவு வந்தது. கிழங்கைத் தோல் சீவி, கழுவி, அரைத்து, மாவுப்பாலைத் தொட்டியில் தெளிய வைப்பார்கள். மேலே நிற்கும் தண்ணீர் சில மணி நேரத்தில் புளித்துவிடும். அந்தப் புளித்த தண்ணீரை ஓடையில் விட்ட காலத்தில் அந்தப் பக்கம் மூக்கைப் பொத்தாமல் போக முடியாது. கிணறுகள் கெட்டன, சண்டைகள் நடந்தன. இப்போது பல பேக்டரிகளில் அது காற்றுப் புகாத தொட்டிக்குப் போய், மீத்தேனாகி, இன்ஜினும் அடுப்பும் ஓடுகிறது.

அந்தத் தொட்டிக்குள் நடப்பது அசல் நுண்ணுயிர்ப் பொறியியல். மாவைச் சர்க்கரையாக்க ஒரு கூட்டம், சர்க்கரையை அமிலமாக்க ஒன்று, அமிலத்தை இன்னும் உடைக்க ஒன்று, கடைசியில் மீத்தேன் விடும் கூட்டம். கடைசிக் கூட்டம் மகா சோம்பேறி, பெருக நாள்கணக்கில் ஆகும். முன்னால் இருப்பவர்கள் வேகமாக அமிலம் கக்கினால் இவர்கள் செத்துப்போவார்கள். கூடவே குச்சிக்கிழங்கின் சயனைடு வேறு. அதற்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். 1970களில் ஹாலந்தின் காட்சே லெட்டிங்கா ஒரு வழி கண்டார். தொட்டிக்கு அடியிலிருந்து தண்ணீரை மெதுவாக மேலே ஏற விடுவது. லேசான துணுக்குகள் அடித்துக்கொண்டு போய்விடும், ஒன்றோடொன்று ஒட்டிக் கனமானவை தங்கும். மாதக்கணக்கில் இப்படிச் சலித்தால் பாக்டீரியாக்கள் தாமே சேர்ந்து உருண்டை கட்டிக்கொள்கின்றன. பார்வைக்கு ஜவ்வரிசி மாதிரியே, கறுப்பு ஜவ்வரிசி. பல உருண்டைகளில் வெளி அடுக்கில் அமிலம் செய்பவர்கள், உள்ளே பத்திரமாக மீத்தேன் கூட்டம். யாரும் அவர்களை அப்படி உட்கார வைக்கவில்லை. தண்ணீர் ஏறும் வேகம், புளிப்பு, ஒரு நாளைக்கு எவ்வளவு கழிவு என்று மூன்று நாலு கைப்பிடிகளைத் திருகியதோடு சரி. விதையாகப் போட்டது என்ன தெரியுமா? சாணக் கரைசல், அல்லது ஏற்கெனவே ஓடும் தொட்டியின் சேறு. வயலில் தோற்கிற அதே சாணம் இங்கே ஜெயிக்கிறது. ஏனென்றால் இந்தத் தொட்டி கிட்டத்தட்ட ஒரு கான்கிரீட் மாடு. காற்றில்லாத, வெதுவெதுப்பான, சாப்பாடு ஓயாமல் வருகிற இடம். வந்தவர்களுக்கு இது பிறந்த வீடு.

இட்லி மாவும் இதே கதைதான். 1965-இல் முகர்ஜி, ஸ்டெயின்கிராஸ் குழுவினர் மாவைப் பொங்க வைப்பது லூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்ற பாக்டீரியா என்று கண்டார்கள். எந்தப் பாட்டியும் அதைப் பாக்கெட்டில் வாங்கவில்லை. உளுந்தோடும் அரிசியோடும் வருவதுதான். உளுந்து விகிதம், உப்பு, கரைக்கிற பதம், குளிர் என்றால் அடுப்படி ஓரம் வைப்பது, இவைதான் பாட்டியின் கைப்பிடிகள். லண்டனில் இருக்கும் என் தங்கை விளக்கைப் போட்டு அவனுக்குள் வைக்கிறாள். டாக்காவில் மெலிந்த குழந்தைகளுக்குச் செய்ததும் இந்த வகைதான். கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை, வாழைக்காய் சேர்த்த ஒரு கலவை, குடலில் ஏற்கெனவே இருக்கும் நல்ல கூட்டத்துக்குப் பிடித்ததாகப் பார்த்துத் தேர்ந்தது. வழக்கமான சத்துமாவைவிட இதில் கலோரி கம்மி. ஆனால் எடை கூடியது இதில்தான் அதிகம் என்று 2021-இல் எழுதினார்கள். பாக்டீரியா ஒன்றுகூட வெளியிலிருந்து கொடுக்கவில்லை.

இதையெல்லாம் வைத்து மாமாவின் தோட்டத்தைத் திரும்பப் பார்த்தேன். நாலு வருஷத்தில் மண் மாறியிருக்கிறது, அது பொய் இல்லை. கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்கிறது, மழைத்தண்ணி நிற்காமல் இறங்குகிறது. ஆனால் இந்த நாலு வருஷத்தில் அவர் டிரம் மட்டுமா ஊற்றினார்? மஞ்சளுக்கு மூடாக்கு போட்டார். சோளத்தட்டையைக் கொளுத்துவதை நிறுத்தினார். ஊடுபயிராகத் தட்டைப்பயறு விட்டார். உழவைப் பாதியாகக் குறைத்தார். இவையெல்லாம் வீட்டை மாற்றும் வேலை, சேகோ தொட்டியின் கைப்பிடிகள் மாதிரி. சந்தேகமாக இருந்தால் எடைபோட்டுப் பாருங்கள். மண்ணில் கரிமம் அரை சதவீதம் என்றாலும் ஏக்கருக்கு நாலு டன் இருக்கும். இரண்டு கிலோ வெல்லம் அதில் எந்த மூலை? டன் கணக்கில் போகிற தட்டையும் மூடாக்கும் கணக்கில் வரும். புகழ் மட்டும் டிரம்முக்குப் போகிறது.

போகட்டுமே, என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது. மாமா மாதிரி மாடு உள்ளவருக்கு டிரம் செலவு கம்மி. மாடு இல்லாத பக்கத்துத் தோட்டக்காரர் கோமியத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார், மூடாக்கு போடுவதில்லை. பலன் வரவில்லை என்றதும் அவருக்கு விற்கப்படுவது அந்த ஒரு லிட்டர் பாட்டில். காரணத்தைத் தப்பாகச் சொன்னால் ஆள் தப்பான பொருளை வாங்குவார்.

நன்றாகச் செய்த உயிரியல் வேலை எப்படி இருக்கும் என்பதற்கும் குச்சிக்கிழங்கே உதாரணம். 2020-இல் புது மாவுப்பூச்சி ஒன்று வந்து சேலம், நாமக்கல் கிழங்கையெல்லாம் சுருட்டியது நினைவிருக்கும். அதற்கு எதிரியான ஒரு சின்னக் குளவி, அனாகைரஸ் லோபெஸி. தென் அமெரிக்காவில் கண்டுபிடித்து ஆப்பிரிக்காவில் 1980களில் ஏற்கெனவே இதே பூச்சியை அடக்கியது. பெனின் நாட்டிலிருந்து பெங்களூருக்கு வந்து, தனிமையில் வைத்துச் சோதித்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். எந்த உயிர், யாரைத் தின்னும், ஏன் இங்கே அது இல்லை, எல்லாவற்றுக்கும் விடுவதற்கு முன்பே பதில் இருந்தது. நாற்காலி காலி என்று தெரிந்து ஆளை அனுப்பினார்கள். பாட்டில்காரரிடம் இவ்வளவு கேட்பது அநியாயம் இல்லையே.

இதையெல்லாம் மாமாவிடம் போனில் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கேட்டுவிட்டு, "சரி, அப்ப கொதிக்க வெச்சுப் பார்த்துரலாம்" என்றார். குச்சிக்கிழங்கில் ஒன்பது பாத்தி ஒதுக்கியிருக்கிறோம். மூன்றுக்கு ஜீவாமிர்தம், மூன்றுக்குக் கொதிக்க வைத்தது, மூன்றுக்கு வெறும் தண்ணீர். மூடாக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றே. எது எந்தப் பாத்தி என்பது சீட்டுக் குலுக்கிப் போட்டது. ஒரு கொதியில் எல்லாம் சாகாது, சில பாக்டீரியாக்கள் வித்தாக மாறித் தப்பிக்கும். அதனால் மூன்று நாள் தொடர்ந்து, தினம் ஒரு தரம் கொதிக்க விட வேண்டும். கொதிக்கும்போது அம்மோனியா கொஞ்சம் பறந்துவிடும், அதுவும் ஒரு குறைதான். பெரிய பல்கலைக்கழகத்தில் இதைக் காட்டினால் பாத்தி போதாது என்பார்கள். சரியாகத்தான் சொல்வார்கள்.

முதல் கொதி போன ஞாயிற்றுக்கிழமை. பழைய நெல் அவிக்கிற அண்டாவில். நாற்றம் தாங்காமல் அத்தை சோத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். விறகுக் காசு யார் தருவது என்று மாமா என்னைக் கேட்டார். கிழங்கு பிடுங்க இன்னும் எட்டு மாசம் இருக்கிறது. எடை போட்டதும் இங்கேயே எழுதுகிறேன், எந்தப் பக்கம் வந்தாலும்.